கேளாத பிள்ளையா, கேட்க முடியாத பிள்ளையா?

நம் நாட்டில் ஒரு காரியத்தின் காரணம் தெரியாதவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லுவது வழக்கமில்லை. தெரியாத இடத்தில்தான் அவன் மிகவும் தைரியமாகத் தீர்ப்புச் சொல்லுவான். மழை பெய்யாவிட்டால் அதற்கொரு பாவம், மாடு செத்தால் அதற்கொரு திருஷ்டி, பிள்ளைக்குப் படிப்பு வராவிட்டால் அதற்கொரு தலையெழுத்து என்று எல்லாவற்றிற்கும் விடை முன்கூட்டியே தயாராக இருக்கின்றது. விடை தயாராக இருப்பதால் விசாரணைக்கு இடமே இல்லை. இதனால் பெரியவர்கள் கெட்டுப்போனால் அது அவர்கள் தேடிக்கொண்டது என்றாவது சொல்லலாம். ஆனால், எதிர்த்து நியாயம் கேட்கத் தெரியாத நான்கு வயது, ஐந்து வயதுக் குழந்தைகள் இந்தத் தீர்ப்புக்கு ஆளாகி, அடியும் வசவும் வாங்கிக்கொண்டிருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஆகவேதான் குழந்தைகளின் காதைப்பற்றிச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

"காதைப்பற்றி எழுத இது என்ன வைத்தியப் பத்திரிகையா?" என்று சிலர் கேட்கலாம். மூடநம்பிக்கை எங்கெங்கே குடியிருக்கின்றதோ அங்கங்கே போய்த்தான் அதைத் துரத்தவேண்டும். அது காதுக்குள் குடியிருந்தால் காதுக்குள்ளும் போகத்தான் வேண்டும் என்பதே நமது பதில்.

குற்றவாளி யார்?

ஒரு வீட்டில் ஒரு சிறு பையன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூன்றாம் தடவை கத்தினால்தான் "ஆங்?" என்கின்றான். டெலிவிஷனைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கின்றான். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒன்றைச் சொன்னால் வேறொன்றை எழுதுகின்றான். அல்லது பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்க்கின்றான். இவ்வளவும் கண்டவுடன் வீட்டார் "சொன்ன பேச்சுக் கேளாதவன்" என்கின்றார்கள். உபாத்தியாயர் "மந்தம்" என்கின்றார். ஊரார் "இவன் அப்பன் படித்தானா, பாட்டன் படித்தானா, இவனுக்கு மாத்திரம் எங்கிருந்து ஏறும்?" என்கின்றார்கள். ஆக, மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியாய்விட்டது. சாட்சி விசாரிக்கத்தான் ஒருவருமில்லை.

இதில் இன்னுமொரு விசேஷம் உண்டு. அந்தப் பையனுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரியாகக் கேட்பதில்லை. சளி பிடித்த வாரத்தில் குறைவாகக் கேட்கும். சளி விட்ட வாரத்தில் கூடுதலாகக் கேட்கும். அன்றியும், முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவைக் கொண்டு பாதி விளங்கிக்கொள்வான். முதுகுப் பக்கமிருந்து பேசினால் ஒன்றும் விளங்காது. இதைக் கண்ட பெரியவர்கள் "மிட்டாய் என்றால் கேட்கிறது, பாடம் என்றால் கேட்கவில்லையோ?" என்று கேட்டு, அவன் பொய்யன் என்று முடிவு கட்டி, முதுகிலே இரண்டு வைக்கின்றார்கள். கேட்பது ஏறி இறங்குவதுதான் அந்த வியாதியின் அடையாளம். ஆனால் நம் ஜனங்களுக்கு அது பையனுடைய திருட்டுத்தனத்தின் அடையாளமாகத் தோன்றுகின்றது.

அவன் காதில் வலியில்லை, ஜுரமில்லை, சீழ் வடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் காது நன்றாகவே இருக்கின்றது. ஆனால் காது ஜவ்வுக்கு உள்ளே, காற்று இருக்க வேண்டிய சிறு அறையில், நீர் கோத்து நிற்கின்றது. பல பேருக்கு அது நீராகக்கூட இல்லாமல் கோந்துபோல் இறுகி நிற்கின்றது. இங்கிலீஷ்காரர்கள் இதற்கு "கோந்துக் காது" என்ற பொருளில் "குளூ இயர்" என்றே பெயர் வைத்திருக்கின்றார்கள். பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேருக்கு ஒரு தடவையாவது இப்படி நேருகின்றது என்று வைத்தியர்கள் கணக்கெடுத்திருக்கின்றார்கள். இதனால் குறையும் கேள்வி சராசரியாக 25 டெசிபலுக்கு மேல். டெசிபல் என்றால் விளங்காதவர்கள் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, அடுத்த அறையில் பேசுவதைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்த நிலையில் ஒரு குழந்தை மாதக்கணக்கில் உட்கார்ந்து "கல்" எது, "கள்" எது, "கண்" எது என்று பாடம் படிக்கின்றது. அதற்கு மார்க்குக் குறைந்தால் அது யாருடைய குற்றம்?

காதின் உள்ளறை

காது என்றால் வெளியே தொங்கும் மடல் மாத்திரமல்ல. துவாரத்தின் வழியே உள்ளே போனால் ஒரு மெல்லிய ஜவ்வு குறுக்கே கட்டியிருக்கின்றது. அது தப்பட்டையின் தோல் போன்றது. அதற்கு அப்பால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்கூடக் கொள்ளாத சிறு அறை. அந்த அறையில் மூன்று சின்ன எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அவற்றுள் கடைசியானது அரிசி மணியிலும் சிறியது. சத்தம் ஜவ்வில் மோத, ஜவ்வு அதிர, எலும்புகள் அந்த அதிர்ச்சியை உட்காதுக்குக் கொண்டுபோகின்றன. அந்த அறையில் காற்று இருந்தால்தான் ஜவ்வு நன்றாக அதிரும். தப்பட்டைக்குள் பசையை ஊற்றிவிட்டு அடித்தால் எப்படிச் சத்தம் வரும்?

அறைக்குக் காற்று எப்படிப் போகின்றது? மூக்கின் பின்புறத்திலிருந்து அந்த அறைக்கு ஒரு குழாய் போகின்றது. 16-ம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு யூஸ்டேக்கி என்பவர் அதை விவரித்து எழுதியதால் அதற்கு யூஸ்டேக்கியன் குழாய் என்று பெயர். கொடைக்கானலுக்குப் பஸ் ஏறும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கினால் "டப்" என்று திறந்துகொள்வதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அப்போது திறந்தது அந்தக் குழாய்தான். பெரியவர்களுக்கு அது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ளதாயும் சாய்வாயும் இருக்கின்றது. கைக்குழந்தைக்கோ அதில் ஏறக்குறையப் பாதி நீளமே. அதுவும் படுத்தவாக்கில் இருக்கின்றது. ஆகையால் மூக்கில் உள்ள கிருமிகள் காதுக்குள் போவதும், காதுக்குள் ஊறியது வெளியேற முடியாமற்போவதும் குழந்தைகளுக்கே அதிகம். இது உடம்பு அமைந்திருக்கும் விதத்தினால் வரும் சங்கதி. இதில் எந்தக் கிரகத்துக்கும் பங்கில்லை.

ஊரைக் கூட்டும் தூதர்கள்

"சரி, அந்த நீர் எங்கிருந்து வந்தது?" என்பதே முக்கியமான கேள்வி. தலைக்கு ஊற்றிக் குளித்தபோது தண்ணீர் உள்ளே போய்க் கோத்துக்கொண்டது என்பது நம் ஊர்ப் பாட்டிமார்களின் சித்தாந்தம். ஜவ்வு கிழியாமல் இருக்கும்போது குளித்த தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போக வழியே இல்லை. அந்த நீர் வெளியிலிருந்து வந்ததல்ல; அந்தப் பிள்ளையின் உடம்பே சுரந்தது.

ஏன் சுரந்தது? ஒரு விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கின்றது, சுடுகின்றது, வீங்குகின்றது, வலிக்கின்றது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2000 வருஷங்களுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். இதற்குத்தான் அழற்சி என்று பெயர். ஆனால் முள் குத்தியது விரலில் என்று உடம்புக்கு யார் சொன்னார்கள்? இரத்தம் ஏன் அந்த இடத்துக்கு மாத்திரம் அதிகமாக ஓடுகின்றது? கிராமத்தில் ஒரு கூரை தீப்பிடித்தால் ஒருவன் ஓடிப்போய்த் தப்பட்டை அடித்து ஊரைக் கூட்டுகின்றானல்லவா? அதுபோல, அடிபட்ட இடத்திலுள்ள உயிரணுக்கள் சில ரசாயனப் பொருள்களை வெளியே விடுகின்றன. அவைதான் தூதர்கள்.

ஹிஸ்டமின் என்பது ஒரு தூதன். அது இரத்தக் குழாயின் சுவரை நெகிழ்த்தி, இரத்தத்திலுள்ள நீர் வெளியே கசியும்படி செய்கின்றது. 1910-ம் வருஷத்தில் லண்டனில் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா என்ற இருவர் இதன் வேலையைப் பரிசோதித்து எழுதினார்கள். புராஸ்டகிளாண்டின் என்பது இன்னொரு தூதன். வலிக்கும் வீக்கத்துக்கும் அது பொறுப்பாளி. இதையும் இதன் சொந்தக்காரப் பொருள்களையும் ஆராய்ந்ததற்காக பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன், வேன் என்ற மூவருக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. லூக்கோட்ரையீன், இண்டர்லூக்கின், டி.என்.எஃப். என்று இன்னும் பல தூதர்கள் உண்டு. அவற்றுள் சில வெள்ளை அணுக்களைக் கூவி அழைக்கின்றன; சில, வந்தவர்களைப் போகவிடாமல் நிறுத்திக்கொள்கின்றன; சில, மேலும் பல தூதர்களை உற்பத்தி செய்கின்றன. பிள்ளைகளின் காதிலிருந்து எடுத்த நீரைச் சோதித்தபோது இந்தத் தூதர்கள் எல்லோரும் அதற்குள்ளேயே அகப்பட்டார்கள்.

காதின் உள்ளறையில் இந்தத் தூதர்கள் செய்யும் வேலை மூன்று. முதலாவது, அறையின் சுவரிலுள்ள இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கின்றன. இரண்டாவது, அந்தச் சுவரில் பசையைச் சுரக்கும் அணுக்களைப் பெருக்கி, மியூசின் என்னும் கோந்துப் பொருளை ஏராளமாக ஊறச் செய்கின்றன. மூன்றாவது, குழாயின் சுவரையும் வீங்க வைத்து, ஊறியதை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களின் வேலையைக் கெடுக்கின்றன. ஆக, வரத்து அதிகம், போக்கு அடைப்பு. மடை அடைத்த வயலில் தண்ணீர் நிற்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டுமா?

ஒருவர் கேட்கலாம்: "கிருமி செத்துப்போனால் தூதர்களும் அடங்கிவிடுவார்களே, பிறகு ஏன் மாதக்கணக்கில் நீர் நிற்கின்றது?" நல்ல கேள்வி. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சின்சில்லா என்னும் சிறு பிராணியின் காதில், உயிருள்ள கிருமியை விடாமல் செத்த கிருமியையே விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் நீர் சுரந்தது! அதாவது, கிருமி செத்தாலும் அதன் உடலின் துண்டுகளே ஊரைக் கூட்டப் போதுமானவை. அன்றியும், அந்த நீரில் கிருமி இல்லை என்று முன்பு பலர் நினைத்திருந்தது சரியல்ல என்பதும் தெரிந்தது. 2006-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட வியாதியுள்ள 26 பிள்ளைகளின் காதுச் சுவரை விசேஷமான பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, பத்தில் ஒன்பது துண்டுகளுக்கு மேல் கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசைக்கோட்டை கட்டிக்கொண்டு ஒட்டியிருந்தன. கோட்டைக்குள் இருப்பவனை மருந்தும் எளிதில் தொடுவதில்லை. தூதர்களின் தப்பட்டையும் ஓய்வதில்லை.

சொன்னதை மாற்றிக்கொள்ளும் யோக்கியதை

இந்த அறிவு ஒரே நாளில் எந்த ரிஷிக்கும் ஞானதிருஷ்டியில் தோன்றியதல்ல. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்கள் வேறுவிதமாக நினைத்தார்கள். குழாய் அடைபட்டால் அறையிலுள்ள காற்றைச் சுவர் உறிஞ்சிவிடுகின்றது. காற்றுக் குறைந்த இடத்துக்கு நீர் இழுக்கப்பட்டு வருகின்றது. அவ்வளவுதான் காரணம் என்றார்கள். வியன்னா நகரத்து ஆடம் பொலிட்சர் அந்தக் காலத்துப் பெரிய காது வைத்தியர். அவர் 1863-ல் மூக்கின் வழியே காற்றை ஊதிக் குழாயைத் திறக்கும் ஒரு ரப்பர்ப் பந்து முறையை வெளியிட்டார்.

அந்தக் கொள்கையில் ஒரு பங்கு உண்மை உண்டு. குழாய் அடைபட்டால் நீர் கசியத்தான் செய்யும். ஆனால் அப்படிக் கசிவது மெல்லிய நீராகத்தான் இருக்க வேண்டும். கோந்துபோன்ற பசையும், வெள்ளை அணுக்களும், இத்தனை தூதர்களும் ஏன் இருக்கின்றன என்பதற்கு அந்தக் கொள்கையில் பதிலில்லை. பதில் இல்லை என்று கண்டவுடன் பின்வந்தவர்கள் "பொலிட்சர் மகான் சொல்லிவிட்டார், எதிர்த்துப் பேசாதே" என்று வாயை மூடவில்லை. நீரை எடுத்துப் பரிசோதித்தார்கள், கொள்கையைத் திருத்திக்கொண்டார்கள். அறிவுக்கும் ஐதீகத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஐதீகம் தான் சொன்னதைக் காப்பாற்ற உண்மையைத் திருத்தும். அறிவு உண்மையைக் காப்பாற்றத் தான் சொன்னதைத் திருத்திக்கொள்ளும்.

பாவம் செய்த காது

இனி நம் நாட்டாருடைய தீர்ப்புகளுக்கு வருவோம். முதலாவது, பூர்வ ஜென்மப் பாவம். மூன்று வயதுக் குழந்தை போன ஜென்மத்தில் யாரோ சொன்ன நல்ல வார்த்தையைக் கேளாமல் போயிற்றாம். அதற்காக இந்த ஜென்மத்தில் காது மந்தமாயிற்றாம். இதைச் சொல்லுகின்றவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்து, காது தெளிவாகிவிடுகின்றதே, அதற்குள் பாவம் தீர்ந்துவிட்டதா? மறுபடியும் சளி பிடித்து நீர் கோத்துக்கொண்டால் பாவம் திரும்பி வந்துவிட்டதா? உள்நாக்கு அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் இது வருகின்றதே; அண்ணத்தின் தசைதான் குழாயைத் திறக்கின்றது, அது பிளந்திருப்பதால் குழாய் சரியாகத் திறப்பதில்லை என்று வைத்தியர் காரணம் காட்டுகின்றாரே; உங்கள் பாவக்கணக்கில் இதற்கு எந்தப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கின்றது? பீடி குடிக்கும் தகப்பனுடைய வீட்டில் இது அதிகம் என்று கணக்குச் சொல்லுகின்றதே. அப்படியானால் குடித்தது அப்பன், தண்டனை பிள்ளைக்கா? இதுதான் நீதியென்றால் இதைவிட அநீதி வேறு எது?

இதைவிடக் கொடுமை, பிறவியின் பேரில் சொல்லும் தீர்ப்பு. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு வருகின்றது. கடைசி பெஞ்சில் உட்காருகின்றது. காதில் நீர். உபாத்தியாயர் குரல் பாதிதான் எட்டுகின்றது. "இந்தக் கூட்டத்துக்கே படிப்பு வராது" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் எவ்வளவு சௌகரியம்! ஒரு குழந்தையின் சளியை ஒரு ஜாதியின் புத்தியாக்கிவிடுகின்ற இந்த வித்தை நம் நாட்டைத்தவிர வேறெங்கே சுலபமாக நடக்கும்?

எண்ணெய் ஊற்றும் சாஸ்திரம்

இரண்டாவது கூட்டத்தார் எண்ணெய்க்காரர்கள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊற்றுவது, தாய்ப்பாலைப் பீய்ச்சுவது, குறும்பி வாங்கியை விட்டுக் குடைவது, கோழி இறகை விட்டுச் சுழற்றுவது என்று இவர்கள் வைத்தியம் பலவகை. இவர்களுக்கு நாம் சொல்லும் நியாயம் மிகவும் சுருக்கமானது. ஜவ்வில் ஓட்டை இல்லையானால் நீங்கள் ஊற்றும் எண்ணெய் உள்ளறைக்குப் போகாது. ஓட்டை இருந்தால் போகவே கூடாது. முதலாவதில் வைத்தியம் வீண். இரண்டாவதில் வைத்தியமே வியாதி. தாய்ப்பால் மிகவும் நல்லதுதான்; தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குக் காது வியாதி குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அது வாயால் குடிப்பதற்கு, காதில் ஊற்றுவதற்கல்ல.

இதற்கு அவர்கள் ஒரே பதில் வைத்திருக்கின்றார்கள்: "எங்கள் பாட்டி ஊற்றினாள், எங்களுக்குச் சரியாய்ப் போயிற்றே!" தோழர்களே! இந்த ஒரு வாக்கியத்தை மாத்திரம் நன்றாக யோசித்துப் பாருங்கள். தானாகத் தீரும் வியாதிக்கு எதைச் செய்தாலும் தீரத்தான் தீரும். எண்ணெய் ஊற்றினவனுக்கும் தீரும்; மந்திரித்துக் கயிறு கட்டினவனுக்கும் தீரும்; ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் தீரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வைத்துக்கொண்டு காக்கைக்குக் கோவில் கட்டலாமா? பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தானாகத் தீர்ந்ததைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு, தீராமல் செவிடாய்ப் போன இரண்டு மூன்று பேரைத் தலையெழுத்தின் கணக்கில் எழுதிவிடுவதுதான் உலகத்திலுள்ள சகல புரட்டுகளுக்கும் மூலதனம்.

மாத்திரைக்காரர்களுக்கும் அதே கேள்வி

பாட்டியைக் கேட்கும் கேள்வியைப் பட்டணத்து மருந்துக் கடைக்காரனையும் கேட்காவிட்டால் நாம் பகுத்தறிவு பேசுவதில் அர்த்தமில்லை. "சளி மாத்திரை கொடுத்தேன், மூக்கடைப்பு மருந்து கொடுத்தேன், காது திறந்தது" என்று அவனும் அதே பாட்டைத்தான் பாடுகின்றான். சட்டை போட்ட பாட்டி என்பதைத் தவிர வித்தியாசமென்ன?

இதை எப்படிப் பரிசோதிப்பது? ஒரே மாதிரியான பிள்ளைகளை இரண்டு கூட்டமாகச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றதற்கு மருந்துபோன்ற வெறும் பொருளும் கொடுத்து, எது எது என்று பிள்ளைகளுக்கும் பார்ப்பவர்களுக்கும் தெரியாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை இப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 389 பிள்ளைகளிடம் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வாரம் சென்று பார்த்தபோது, மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் காது சரியாகக் கேட்டது. வெறும் பொருளை உண்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குக் கேட்டது. இந்த ஏழு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்று கணக்கர்கள் சொன்னார்கள். அந்த 33 பேரைக் கவனியுங்கள். அவர்களுடைய தாய்மார்கள் அந்த வெறும் பொருளையே "கைகண்ட மருந்து" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள் அல்லவா? ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரைகளையும் மூக்கடைப்பு மருந்துகளையும் பற்றிய 16 பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் லாபம் ஒன்றுமில்லை. தொல்லைகள்தான் அதிகமென்று கண்டார்கள்.

"ஹிஸ்டமின் ஒரு தூதன் என்று நீங்களே சொன்னீர்கள், அதை அடக்கினால் ஏன் குணமாகவில்லை?" என்று கேட்பீர்கள். ஊரைக் கூட்டுகின்றவர்கள் பத்துப் பேர். அதில் ஒருவன் வாயை மாத்திரம் பொத்தினால் ஊர் கூடாமலிருக்குமா? அதற்குள் கோந்தும் ஊறிப்போயிற்று; கோட்டையும் கட்டியாயிற்று. தூதர்களைக் கண்டுபிடித்ததினாலேயே மருந்தும் கண்டுபிடித்துவிட்டதாக ஆகாது. இதை ஒளிக்காமல் சொல்லுகின்றவன்தான் வைத்தியன். ஒளித்து விற்கின்றவன் வியாபாரி. காதில் சுருக்கென்ற வலியும் ஜுரமும் வரும் திடீர் வியாதி வேறு. சீழ் வடியும் காது வேறு. அவற்றுக்கு டாக்டர் கொடுக்கும் மருந்தை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சந்தேகப்படுங்கள், பிள்ளையின் குணத்தின் பேரில் அல்ல, காதின் பேரில். காதுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்ப்பதும், ஜவ்வு அசைகின்றதா என்று காற்றழுத்தக் கருவியால் பார்ப்பதும் சில நிமிஷ வேலை, வலியில்லாத வேலை. நீர் இருக்கின்றதென்று தெரிந்தால் பெரும்பாலோருக்கு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதே முறை. பொறுத்துப் பார்ப்பதென்றால் மறந்துவிடுவதல்ல. தேதி போட்டு மறுபடியும் காட்டுவது. அதுவரை பிள்ளையின் முகத்துக்கு நேரே வந்து தெளிவாகப் பேசுங்கள். பள்ளிக்கூடத்தில் முன் வரிசையில் உட்கார வையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மூன்று மாதமாகியும் நீர் வடியவில்லையானால் கேட்கும் சக்தியை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு காதும் கேட்காமல் பேச்சும் படிப்பும் கெடுவதாயிருந்தால் டாக்டர் ஜவ்வில் மிகச் சிறிய கீறல் போட்டு, நீரை உறிஞ்சி, அரிசி மணியளவான ஒரு குழலைப் பொருத்துவார். அடைபட்ட குழாய் செய்ய வேண்டிய வேலையை அந்தக் குழல் செய்து அறைக்குக் காற்றைக் கொடுக்கும். பொலிட்சர் காலத்திலேயே இதை முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1954-ல் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற டாக்டர் வினைல் பிளாஸ்டிக் குழலைக் கொண்டு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலும் அது சில மாதங்களில் தானே வெளியே வந்துவிடும். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதையை எடுப்பதும் சிலருக்கு உதவும். பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காதில் மாத்திரம் காரணமின்றி நீர் கோத்து நின்றால் அலட்சியம் செய்யாமல் மூக்கின் பின்புறத்தையும் காட்டிப் பார்க்க வேண்டும். அங்கே கட்டி இருந்து குழாயை அடைப்பதுமுண்டு.

வராமல் தடுக்க வழியும் உண்டு. பிள்ளை இருக்கும் வீட்டில் பீடி சிகரெட்டுப் புகையை நிறுத்துங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டாதீர்கள். காதில் புகும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் சர்க்கார் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. அதைத் தவறாமல் போடுங்கள்.

பிரம்பு வேண்டாம், பரிசோதனை வேண்டும்

கடைசியாக உபாத்தியாயர்களுக்கும் சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளை அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவினால் தடுத்திருக்கின்றது. ஆனாலும் "காதைச் சேர்த்து ஒன்று விட்டால் கேட்கும்" என்ற பேச்சு இன்னும் நம் நாட்டில் ஓயவில்லை. காதைச் சேர்த்து அறைந்தால் ஜவ்வு கிழியும். கேளாத காதைக் கேட்கவைக்க, கேட்கும் ஜவ்வையும் கிழிக்கும் இந்த வைத்தியத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. செவிட்டுத்தன்மையைத் தடுப்பதற்கென்று ஒரு தேசியத் திட்டம் இருக்கின்றது. 2013-ல் தொடங்கிய பிள்ளைகள் சுகாதாரத் திட்டத்தின்படி, பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் காது அழற்சியும் கேள்விக் குறைவும் சேர்ந்திருக்கின்றன. திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. ஒவ்வொரு அங்கன்வாடியிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அந்த டாக்டர்கள் வந்தார்களா, காதைப் பார்த்தார்களா, குறை கண்ட பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிற்றா என்று கேட்க வேண்டியது பெற்றோர் கடமை. கோவில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வந்து சேரவில்லையென்றால் ஊர் கூடிக் கேட்கின்றோம். பிள்ளைகளின் காதைப் பார்க்க டாக்டர் வரவில்லையென்றால் யார் கேட்கின்றோம்?

60 வருஷம் பேசப்போகும் ஒரு மனிதன் பேச்சைக் கற்றுக்கொள்வது முதல் சில வருஷங்களில்தான். அந்தச் சில வருஷங்களில் காதுக்குள் கோந்தும், காதுக்கு வெளியே வசவும் வைத்து அடைத்துவிட்டால், பிறகு பட்டம் கட்டி மேடையேற்றினாலும் இழந்தது முழுவதும் திரும்பி வராது. ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால், கையை ஓங்குவதற்கு முன், எண்ணெயைக் காய்ச்சுவதற்கு முன், ஜாதகத்தைப் புரட்டுவதற்கு முன், அதன் காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். குற்றம் பிள்ளையினுடையதா, சளியினுடையதா என்பது அங்கே தெரிந்துவிடும்.